உதிரி பாகம் கிடைக்காத பழைய பிக்கப்

கேள்வி: என் பழைய டாடா மொபைல் 206 பிக்கப்புக்கு உதிரி பாகங்கள் வருவதே நின்றுவிட்டது என்று கடைகளில் கைவிரிக்கிறார்கள். வேறு வழி உண்டா?
– வாசகர், கரூர்

பதில்: உண்டு. வண்டியின் பெயரைச் சொல்லிக் கேட்டால் இல்லை என்றுதான் சொல்வார்கள். பழைய பாகத்தில் பொறித்துள்ள எண்ணைக் காட்டிக் கேளுங்கள். 1988-இல் வந்த இந்த வண்டியை அடியொற்றியே டாடாவின் சியரா காரும், 1994-இல் சுமோவும் உருவானதால், 1,948 சி.சி. டீசல் எஞ்சினுக்குரிய கேஸ்கெட், பிஸ்டன் ரிங் போன்றவை, ஏராளமாக விற்பனையான சுமோவின் பெயரில் இன்றும் கிடைக்கக்கூடும். கதவு, கண்ணாடி முதலியவற்றுக்குச் சென்னை புதுப்பேட்டையில் பழைய வண்டிகளைப் பிரித்து விற்கும் பாகங்களைத் தேடுவதே நல்லது. பிரேக் மாஸ்டர் சிலிண்டரை (பெடலை மிதிக்கும்போது பிரேக் ஆயிலை அழுத்தித் தள்ளும் பாகம்) மட்டும், எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும், பயன்படுத்தியதாக வாங்காதீர்கள். உள்ளிருக்கும் ரப்பர் வெளியே தெரியாமல் இற்றுப்போயிருக்கலாம். உங்கள் சிலிண்டரின் உட்சுவர் அரிக்காமல் இருந்தால், ரப்பர் கிட்டை மட்டும் மாற்றலாம்.