எதைச் சொல்வது, எதைப் பொறுப்பது?

பெங்களூரு வாசகர்கள் அனுப்பிய மனநலக் கேள்விகளும் ஆலோசகர்களின் பதில்களும்

மாரத்தஹள்ளி வாசகி: ஐ.டி. கம்பெனியில் வேலை செய்கிறேன். ரிவ்யூ மீட்டிங்கில் மேனேஜர் குறை சொன்னால் எனக்கு வருவது கோபம்தான். ஆனால் வாயைத் திறப்பதற்குள் கண் கலங்கிவிடுகிறது. தொட்டாற்சிணுங்கி என்று பெயரே வாங்கிவிட்டேன். எப்படி அடக்குவது?

முகத்தை இறுக்கிக்கொண்டு அடக்கப் பார்க்காதீர்கள் அம்மா. அதனால் உள்ளிருக்கும் உணர்ச்சி குறையாது. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் ஜேம்ஸ் கிராஸும் அவருடைய குழுவினரும் 1990களில் இதைச் சோதித்தார்கள். உணர்ச்சியை வெளியே காட்டாமல் மறைத்தவர்களுக்கு உடலின் பதற்றம் கூடியது. அந்த நேரத்தில் காதில் விழுந்த விஷயங்களும் சரியாக நினைவில் தங்கவில்லை. மேனேஜர் என்ன சொன்னார் என்பதே மறந்துபோனால் நஷ்டம் உங்களுக்குத்தான்.

அதனால் ஒரு நோட்டுப் புத்தகம் கொண்டுபோங்கள். அவர் சொல்லும் வாக்கியத்தை அப்படியே எழுதுங்கள். குனிந்து எழுதும்போது கண்ணுக்கும் கைக்கும் வேலை கிடைக்கிறது. நான்கு எண்ணி மூச்சை இழுத்து, ஆறு எண்ணி விடுங்கள். ஐந்து முறை செய்ய ஒரு நிமிடம்கூட ஆகாது. பிறகு, "இதை யோசித்துவிட்டு மூன்று மணிக்குப் பேசுகிறேன்" என்று சொன்னால் போதும். அதையும் மீறிக் கண்ணீர் வந்துவிட்டால் மன்னிப்புக் கேட்க வேண்டாம். "கண் கலங்குகிறது, ஆனாலும் கேட்டுக்கொண்டிருக்கிறேன், சொல்லுங்கள்" என்றே சொல்லலாம். அழுதுகொண்டே நீளமாக விளக்கம் சொல்வதுதான் பலரும் செய்யும் தவறு. அப்போது எதிரில் இருப்பவர் அழுகையைத்தான் கவனிப்பார், விளக்கம் காதில் ஏறாது.

மூன்று மணிக்குப் போனால் நடந்ததையும் உங்களுக்கு வேண்டியதையும் மட்டும் சொல்லுங்கள்: "காலையில் சொன்ன குறை சரிதான். அடுத்த முறை எல்லார் முன்னாலும் சொல்வதற்கு முன் என்னிடம் தனியாகச் சொல்லுங்கள்."

ஆனால் அவர் சொல்வது வேலையைப் பற்றிய குறையாக இல்லாமல் பாலியல் ரீதியான பேச்சாக இருந்தால், பொறுமைக்கு அங்கே இடமே இல்லை. பணியிடத்தில் பெண்கள்மீதான பாலியல் தொல்லையைத் தடுக்கும் 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி, பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் உள்புகார்க் குழு இருக்க வேண்டும். நடந்த மூன்று மாதத்துக்குள் எழுத்தில் புகார் கொடுங்கள்.

அல்சூர் வாசகர்: எலக்ட்ரானிக் சிட்டியிலிருந்து சில்க் போர்டு நெரிசலைத் தாண்டி வீடு சேரும்போது எட்டரை ஆகிறது. மனைவி எது கேட்டாலும், சண்டை வேண்டாமே என்று வாயை மூடிக்கொள்கிறேன். ஆனால் சில வாரத்துக்கு ஒருமுறை மொத்தமாக வெடித்துவிடுகிறேன். அடக்குவது தப்பா?

பொறுப்பது தப்பில்லை. எப்போது பேசுவோம் என்று சொல்லாமல் பொறுப்பதுதான் சிக்கல். உங்கள் மௌனத்தை அவர் பொறுமை என்று எடுத்துக்கொள்ள மாட்டார், அலட்சியம் என்றே நினைப்பார். அதனால் இன்னும் அழுத்திக் கேட்பார். நீங்கள் இன்னும் இறுகிப்போவீர்கள்.

தம்பதிகளின் சண்டைகளைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தவர் அமெரிக்க உளவியலாளர் ஜான் காட்மன். வாக்குவாதத்தில் நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 100ஐத் தாண்டினால் எதிராளி சொல்வது மனதில் ஏறாது என்கிறார். இதை நீங்களே பார்த்துக்கொள்ளலாம். மணிக்கட்டில் விரல் வைத்து 15 விநாடி எண்ணுங்கள். 25க்கு மேல் போனால் பேச்சை நிறுத்துங்கள். மாடிப்படி ஏறி வந்த உடனே எண்ணினால் கணக்கு தப்பும். கொஞ்சம் உட்கார்ந்துவிட்டு எண்ணுங்கள்.

நிறுத்தும்போது திரும்பி வரும் நேரத்தையும் சொல்லுங்கள். "எனக்குத் தலை சூடாகுது. ஒன்பதரைக்குப் பேசலாம்" என்று சொல்வதற்கும், கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே போவதற்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். உடம்பு ஆற குறைந்தது இருபது நிமிடம் வேண்டும். அந்த நேரத்தில் "அவள் இப்படிச் சொன்னால் நான் இப்படிக் கேட்பேன்" என்று மனதுக்குள் ஒத்திகை பார்த்தால் சூடு அப்படியே இருக்கும். குளியுங்கள், பாத்திரம் தேயுங்கள், தெருவில் நடந்துவிட்டு வாருங்கள். சொன்ன நேரத்துக்கு நீங்களே போய்ப் பேச்சை எடுங்கள். இதில் தவறினால் அடுத்த முறை இடைவேளை கேட்டால் அவர் தரமாட்டார்.

எதைச் சொல்வது, எதை விடுவது? நாளைக் காலையிலும் உறுத்துமா என்று பாருங்கள். உறுத்தாது என்றால் விட்டுவிடுங்கள், பிறகு சண்டையில் அதைத் தோண்டி எடுக்கக் கூடாது. உறுத்தும் என்றால், அவரால் மாற்றக்கூடிய விஷயமா என்று பாருங்கள். ஆம் என்றால் கட்டாயம் சொல்ல வேண்டும். அவர் பசியோடோ தூக்கக் கலக்கத்திலோ இருந்தால் மட்டும் நேரத்தைத் தள்ளிப்போடுங்கள், விஷயத்தை அல்ல. "நீ எப்பவுமே இப்படித்தான்" என்று தொடங்கினால் அந்த உரையாடல் அங்கேயே கெட்டுவிடும். அன்றைக்கு நடந்த ஒன்றை எடுங்கள்: "நான் செருப்பைக் கழட்டுறதுக்குள்ள ஸ்கூல் ஃபீஸ் பத்திக் கேட்டே, எனக்கு மூச்சு முட்டிடுச்சு. காபி குடிச்சிட்டுப் பேசலாமா?" இப்படி அன்றன்றைக்குச் சின்னதாகச் சொன்னால் வெடிக்கும் அளவுக்குச் சேராது.

ஜெயநகர் கல்லூரி மாணவர்: கோபம் வந்தால் தலையணையைக் குத்தித் தீர்த்துக்கொள்கிறேன். நல்லதுதானே?

இல்லை தம்பி. அமெரிக்க உளவியலாளர் பிராட் புஷ்மன் 2002இல் வெளியிட்ட ஆய்வில், கோபமூட்டியவரை நினைத்துக்கொண்டு குத்துப்பையைக் குத்தியவர்களுக்குக் கோபம் கூடத்தான் செய்தது. எதுவும் செய்யாமல் சும்மா இருந்தவர்களே அவர்களைவிட அமைதியாக இருந்தார்கள். அதற்குப் பதில் தாளில் எழுதிப் பாருங்கள். ஒரு நாளைக்கு 15 நிமிடம், தொடர்ந்து நான்கு நாள், பிழை பார்க்காமல். யாருக்கும் காட்ட வேண்டாம், கிழித்தும் போடலாம். வாட்ஸ்ஆப் குரூப்பில் மட்டும் எழுதாதீர்கள்.

கே.ஆர்.புரம் வாசகி: மாமனார் இறந்து ஒரு மாதம். எட்டு வயது மகள் முன்னால் அழக் கூடாது என்கிறார்கள் பெரியவர்கள். என் கணவர் அழவே இல்லை.

குழந்தை முன்னால் அழலாம். ஆனால் காரணத்தைச் சொல்லிவிடுங்கள்: "தாத்தா ஞாபகம் வந்துச்சு, அதான் அழறேன். கொஞ்ச நேரத்துல சரியாயிடுவேன்." காரணம் தெரியாவிட்டால், தன்னால்தான் அம்மா அழுகிறாள் என்று குழந்தை நினைத்துக்கொள்ளும். தாத்தா தூங்குகிறார், ஊருக்குப் போயிருக்கிறார் என்று சொல்ல வேண்டாம். தூங்கவே பயப்படும் குழந்தைகள் உண்டு. இறந்துவிட்டார், இனி வரமாட்டார் என்றே சொல்லுங்கள். தேற்றும் பொறுப்பை மட்டும் அவள் தலையில் வைக்காதீர்கள். குரல் உடைந்து அலறி அழ வேண்டும்போல இருந்தால், அதை அக்கா தங்கையிடமோ தோழியிடமோ வைத்துக்கொள்ளுங்கள்.

கணவர் அழவில்லை என்பதற்காக அவரை வற்புறுத்த வேண்டாம். எல்லாருக்கும் துக்கம் கண்ணீராகத்தான் வரும் என்றில்லை. அப்பாவைப் பற்றிப் பேசுகிறாரா, சாப்பிடுகிறாரா, தூங்குகிறாரா என்று கவனியுங்கள். தூக்கமும் சாப்பாடும் வாரக்கணக்கில் கெட்டாலோ, குடி கூடினாலோ, வாழ்ந்து என்ன பயன் என்று பேசினாலோ காத்திருக்காதீர்கள். ஓசூர் ரோட்டில் நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனை இருக்கிறது. அரசின் மனநலத் தொலைபேசி உதவியான டெலி மானஸின் இலவச எண் 14416 இரவு பகல் எப்போதும் இயங்குகிறது, தமிழிலேயே பேசலாம். அவர் கூப்பிடத் தயங்கினால் நீங்களே கூப்பிட்டு, அவரிடம் எப்படிப் பேச்சை எடுப்பது என்று கேளுங்கள்.