கடைமடையில் அளந்து பாருங்கள்

ஐ.டி. சேவை மேலாண்மையில் உத்தி, திட்டம், தொடர் மேம்பாடு மூன்றையும் ஒரே கோட்டில் கொண்டுவருவது பற்றி டெல்டா நண்பர்கள் கேட்ட கேள்விகளும் என் பதில்களும்.

மன்னார்குடி, கல்லூரி ஹெல்ப் டெஸ்க் ஊழியர்: நிர்வாகம் 40 பக்கத்துக்கு ஐ.டி. உத்தி எழுதி வைத்திருக்கிறது. டிக்கெட் (புகார்ப் பதிவு) முடிக்கும் எனக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் ஐயா?

அதில் ஒரே ஒரு வரியை எடுத்துக்கொள்ளுங்கள் தம்பி. ‘மாணவர் சேர்க்கை முழுவதும் இணையவழி’ என்று இருக்கிறதா? அப்படியானால் சேர்க்கை வாரங்களில் கட்டணப் பக்கம் படுத்துவிடக் கூடாது. அந்த நாட்களில் சர்வரில் யாரும் கை வைக்கக் கூடாது. ஹெல்ப் டெஸ்க்கில் இரவு எட்டு வரை ஆள் வேண்டும். ஆகவே உங்கள் விடுப்புப் பட்டியல் மாற வேண்டும். விடுப்புப் பட்டியல் வரை இறங்கி வராத உத்தி இன்னும் மேட்டூரிலேயே தேங்கி நிற்கிறது.

கும்பகோணம், மருத்துவமனை ஐ.டி. பொறுப்பாளர்: எஸ்.எல்.ஏ. என்ற சேவை ஒப்பந்தப்படி 99.5 சதவீத நேரம் சேவை இயங்க வேண்டும். மாதந்தோறும் அந்த இலக்கை எட்டுகிறோம். ஆனாலும் மருத்துவர்கள் திட்டுகிறார்கள். நியாயமா?

நியாயம்தான் அம்மா. 30 நாள் மாதத்தில் 720 மணி நேரம். அதில் அரை சதவீதம், அதாவது 3 மணி 36 நிமிடம், சேவை நின்றாலும் இலக்கு தப்பாது. நள்ளிரவில் போனால் காவலாளிக்குக்கூடத் தெரியாது. திங்கட்கிழமை காலை புறநோயாளிகள் நேரத்தில் போனால்? நான் முன்பு வேலை பார்த்த இடத்தில் அப்படித்தான் ஆனது. மருந்தகத்தில் பில் அச்சாகவில்லை. வரிசை படியிறங்கி வேப்பமரத்தடி வரை நீண்டது. மருந்தாளுநர் மாத்திரை அட்டைப்பெட்டியைக் கிழித்து, அதன் உட்புறத்தில் பேனாவால் கணக்குப் போட்டுக் கொடுத்தார். மாதக் கடைசியில் எங்கள் அறிக்கை பச்சைப்பசேல் என்று இருந்தது. கையெழுத்துப் போட்டவன் நான்தான். தொழிலில் இதைத் தர்பூசணி என்பார்கள். வெளியே பச்சை, அறுத்தால் சிவப்பு.

கல்லணையில் எத்தனை கன அடி திறந்தார்கள் என்பதா வாய்க்கால் கடைசியில் உள்ள தலைஞாயிறு விவசாயியின் கவலை? தன் மடைக்குத் தண்ணீர் வந்ததா என்றுதான் அவர் பார்ப்பார். நீங்களும் சர்வரோடு நிற்காமல் கடைமடையில் அளந்து பாருங்கள். மருத்துவர் மருந்து எழுதியதிலிருந்து நோயாளி கைக்குப் பில் வர எத்தனை நிமிடம்? கூட்டம் உள்ள நேரத்துக்கு அதைத் தனியாகக் கணக்கிடுங்கள். அந்த எண்ணை மருத்துவர்களிடம் நீங்களே கொண்டுபோய்க் காட்டுங்கள்.

மயிலாடுதுறை வாசகர்: ஐட்டில் (ITIL) என்ற ஐ.டி. சேவை வழிகாட்டித் தொகுப்பு சொல்லும் மேம்பாட்டுப் படிகள் ஏழையும் செய்தாக வேண்டுமா?

நோக்கம் என்ன, இப்போது எங்கே இருக்கிறோம், எங்கே போக வேண்டும், எப்படிப் போவது, செயலில் இறங்குவது, போய்ச் சேர்ந்தோமா, வேகம் குறையாமல் தொடர்வது எப்படி. ஏழும் இவைதான். சிறிய வேலை என்றால் அரைப் பக்கத்தில் அடங்கிவிடும். இரண்டாவதை மட்டும் தாண்டிப் போகாதீர்கள். பழைய எண்ணைக் குறித்து வைக்காமல் மென்பொருளை மாற்றிவிட்டு, ‘என்ன முன்னேற்றம்?’ என்ற கேள்விக்குக் கையைப் பிசைந்துகொண்டு நின்றிருக்கிறேன்.

2007-இல் வந்த ஐட்டில் மூன்றாம் பதிப்பில் தொடர் மேம்பாடு ஐந்தாவது, கடைசிப் புத்தகம். கடைசியில் இருந்ததாலேயே பலர் அதைப் புரட்டவில்லை என்பது என் சந்தேகம். 2019-இல் தொடங்கிய நான்காம் பதிப்பு அதை எல்லா வேலைக்குள்ளும் கொண்டுவந்துவிட்டது.

திருவாரூர் வாசகர்: மேம்பாட்டுக்குத் தனிக் குழு வைக்கலாமா?

வேண்டாம். மற்றவர்கள் கையைக் கழுவிவிடுவார்கள். மேம்பாட்டுப் பதிவேட்டைப் பார்த்துக்கொள்ள ஒருவர் போதும். அதில் எழுத வேண்டியவை: யாருக்கு என்ன சிரமம், இன்றைய எண், வேண்டிய எண், பொறுப்பாளர், தேதி. ஒரு நேரத்தில் மூன்று மேம்பாடுகளுக்கு மேல் எடுக்காதீர்கள்.

பட்டுக்கோட்டை வாசகர்: ஐட்டிலா, ஐ.எஸ்.ஓ. 20000-ஆ?

ஐட்டில் சான்றிதழ் ஆளுக்கு, ஐ.டி. சேவைக்கான உலகத் தரநிலையான ஐ.எஸ்.ஓ. 20000 சான்றிதழ் நிறுவனத்துக்கு. டெண்டரில் கேட்டால் இரண்டாவதை வாங்குங்கள்.

நாகப்பட்டினம், மென்பொருள் சேவை நிறுவன மேலாளர்: ஆண்டுத் திட்டம் மூன்றாம் மாதமே குலைந்துவிடுகிறது. பிறகு எதற்குத் திட்டம்?

ஜூன் 12-இல் மேட்டூர் திறக்காவிட்டால் நம் ஊரில் என்ன செய்கிறார்கள்? பம்புசெட் இல்லாதவர் 110 நாள் குறுவை நெல் ரகமான ஆடுதுறை 43-ஐ விட்டுவிட்டு, ஐந்து மாதப் பயிரான சி.ஆர். 1009-ஐச் சம்பாவுக்கு விதைக்கிறார். குறுவை போனாலும் நெல் போகவில்லை. எந்தத் தேதிக்குள் தண்ணீர் வராவிட்டால் எதை விடுவது என்பது அவருக்கு முன்பே தெரியும். உங்கள் திட்டத்தில் அந்த வரி இருக்கிறதா? புதிய சர்வருக்கான பணம் செப்டம்பருக்குள் வராவிட்டால் எந்த வேலையைத் தள்ளிவைப்பீர்கள், அதை எந்த வாடிக்கையாளரிடம் யார் போய்ச் சொல்வது? இதை ஏப்ரலிலேயே எழுதி, முதலாளியிடம் கையெழுத்து வாங்கிவிடுங்கள். செப்டம்பரில் கேட்டால் போடமாட்டார்.