விடிகாலையில் சீனி இறங்கும் பிள்ளை

கேள்வி: மலேசியாவில் சுங்கை சிப்புட்டுக்கு வெளியே தோட்டத்தில் இருக்கிறோம். மகளுக்கு மூன்றரை வயது, எடை 13 கிலோ. போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை எழுப்பினால் எழவில்லை. கழுத்தெல்லாம் வியர்வை, கண் செருகிக் கிடந்தாள். மருத்துவமனையில் ரத்தச் சீனி 2.3 (மில்லிமோல்/லிட்டர்) என்றார்கள். டிரிப் ஏற்றி ஒரு மணி நேரத்தில் விளையாட ஆரம்பித்துவிட்டாள். மூன்று நாள் வைத்துப் பார்த்துவிட்டு, இனிப்பு நீர் (நீரிழிவு) இல்லை, கீட்டோன் வகைச் சீனிக் குறைவு, வளர வளரச் சரியாகிவிடும் என்று அனுப்பிவிட்டார்கள். வீட்டில் ஆளுக்கொரு பேச்சு. மாமியாருக்கு இனிப்பு நீர் உண்டு. பிள்ளைக்குச் சீனியே காட்டாதே என்கிறார். கணவர் சட்டைப்பை நிறைய மிட்டாய் வைத்துக்கொண்டு மணிக்கொரு தடவை கொடுக்கிறார். நான் ராத்திரி மூன்று முறை எழுந்து அவள் விரலைக் குத்திப் பார்க்கிறேன். ஒன்பது வயது மகன், 'எனக்கும் சீனி இறங்குது' என்கிறான். எப்படித்தான் சமாளிப்பது?

பதில்: உங்கள் கடிதத்தில் 2.3 என்ற எண்ணைவிட 'ஞாயிற்றுக்கிழமை' என்ற சொல்தான் என் கண்ணில் முதலில் பட்டது. மற்ற நாளில் உங்கள் வீடு ஐந்து மணிக்கே விழித்திருக்கும். கணவர் பெரட்டுக்கு (தோட்டத்தில் காலை ஆள் கணக்கெடுப்பு) கிளம்புவார், மகன் பள்ளி பஸ்ஸுக்கு ஓடுவான், அந்தச் சத்தத்தில் சின்னவளும் எழுந்து ஆறரைக்கெல்லாம் பசியாறிவிடுவாள். ஞாயிறு அப்படியா? சனிக்கிழமை ராத்திரி அவள் கடைசியாக எத்தனை மணிக்கு, என்ன சாப்பிட்டாள் என்று நீங்கள் எழுதவில்லை. யோசித்துப் பாருங்கள். ஆறரைக்கு இரண்டு வாய் சோறு, அப்புறம் தூக்கம், 'பாவம், லீவு நாள்தானே' என்று காலை எட்டரை வரை விட்டிருந்தால் அதுவே பதினான்கு மணி நேரம்.

நான் மருத்துவர் இல்லை, குழந்தைகளுக்கான உணவியல் அலுவலர். உங்கள் மருத்துவர் எழுதித் தந்தது எதுவாக இருந்தாலும் அதற்குத்தான் முதலிடம். ஆனால் இந்தப் பிரச்சினைக்கு மாத்திரை கிடையாது, சாப்பாடும் கடிகாரமும்தான் மருந்து. அதனால் கடைசியில் எங்களிடம்தான் வந்து உட்காருவார்கள்.

நாம் சாப்பிடாத நேரத்தில் ரத்தத்தில் சீனி இறங்காமல் பார்த்துக்கொள்வது கல்லீரல். பகலில் வந்ததில் ஒரு பங்கை ஒதுக்கி வைத்து, ராத்திரி கொஞ்சம் கொஞ்சமாக அளந்து விடும். பெரியவர்களுக்கு அந்த இருப்பு தீர்ந்தால் தசையிலிருந்து எடுத்துச் சமாளிக்கும். 13 கிலோ பிள்ளையிடம் இருப்பும் கொஞ்சம், தசையும் கொஞ்சம்; மூளை மட்டும் அந்த உடம்புக்குப் பெரிது, அதன் பசியும் பெரிது. இருப்பு தீர்ந்ததும் உடம்பு கொழுப்பை எரிக்க ஆரம்பிக்கிறது. அப்போது உண்டாவதுதான் கீட்டோன். வாயில் அழுகிய பழம் மாதிரி ஒரு வாடை, வயிற்றுப் புரட்டல், வாந்தி எல்லாம் அதோடு சேர்ந்து வருபவை. ஒன்றரை வயதிலிருந்து ஐந்து வயதுக்குள், ஒல்லியான பிள்ளைகளிடம் அதிகம் தலைகாட்டும். பெரும்பாலும் எட்டு, ஒன்பது வயதுக்குள் விலகிவிடும்.

இதைப் புரிந்துகொண்டால் மாமியாரும் கணவரும் எங்கே தவறுகிறார்கள் என்பது தெரிந்துவிடும். மாமியாரின் பயத்தில் நியாயம் இருக்கிறது. 2019-இல் எடுத்த தேசிய சுகாதார ஆய்வில் மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்பு நீர் இருந்தது. நம் இந்தியர்களிடையே அது இன்னும் அதிகம். சீனி என்றாலே காலை வெட்டி எடுப்பது, கண் மங்குவது என்று பார்த்துப் பழகிய தலைமுறை அது. 'அத்தை, உங்களுக்கு ஏறுகிற வியாதி, இவளுக்கு இறங்குகிற வியாதி. இவள் பட்டினி கிடக்கக்கூடாது' என்று சொல்லுங்கள், போதும். பட்டினி என்ற சொல் எந்தப் பாட்டியையும் அசைத்துவிடும். கணவரின் மிட்டாய் வேறு கதை. அது சட்டென்று ஏறும், சட்டென்று இறங்கும், அவள் சோற்றுப் பசியையும் கெடுக்கும், பல்லையும் கெடுக்கும். ராத்திரிக்குத் தேவையான இருப்பு மிட்டாயில் சேராது.

மாமியார் பேச்சு வந்ததால் இதையும் சொல்லிவிடுகிறேன். அவருடைய இனிப்பு நீர் மாத்திரை எங்கே இருக்கிறது? சாமி மேடையிலா, சாப்பாட்டு மேசையில் டப்பாவிலா? கிளிக்லசைடு, கிளிபென்கிளமைடு போன்ற மாத்திரைகளில் ஒன்றே ஒன்றை விழுங்கினாலும் இந்த வயதுப் பிள்ளைக்குச் சீனி பல மணி நேரம் அபாயமாக இறங்கிக் கிடக்கும். உயிரே போகலாம். மாத்திரையை இன்றைக்கே பூட்டி வையுங்கள். ஒரு மாத்திரை கணக்கில் குறைந்தாலும், பிள்ளை நன்றாக இருந்தாலும், காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போங்கள். பெரியவர்கள் குடித்துவிட்டு வைத்த பீர் கிளாஸும் அப்படித்தான். மது கல்லீரலின் வேலையை நிறுத்திவிடும்.

இனி ராத்திரி. ஏழு மணிச் சாப்பாட்டோடு விடாதீர்கள். தூங்கப்போகும் முன் இன்னொரு சிறு சாப்பாடு வேண்டும்: ஒரு இட்லியும் பருப்பும், அரைக் கிண்ணம் சோறும் முட்டையும், அல்லது ஒரு துண்டு ரொட்டியில் கடலை வெண்ணெய் தடவி ஒரு கிளாஸ் பால். (முழுக் கடலை வேண்டாம், தொண்டையில் சிக்கும்.) மாவுச்சத்தோடு கொஞ்சம் புரதமும் இருந்தால் நின்று தாங்கும். புரட்டாசியில் முட்டை நிறுத்தினால் பருப்பு, பால், தயிர். அந்தச் சாப்பாட்டிலிருந்து காலைப் பசியாறல் வரை பத்து மணி நேரத்தைத் தாண்டாமல் பாருங்கள். ஒன்பதுக்குச் சாப்பிட்டால் ஏழுக்கு எழுப்புங்கள், ஞாயிறு ஆனாலும், தீபாவளி மறுநாள் ஆனாலும். சாப்பிட்டுவிட்டு மறுபடி தூங்கட்டும், யார் வேண்டாம் என்றது?

சில பிள்ளைகளுக்கு மருத்துவரே பச்சைச் சோளமாவு எழுதித் தருவார். கடையில் தெப்போங் ஜாகோங் என்று விற்பதுதான். குடலில் மெதுவாகக் கரைந்து பல மணி நேரம் சீனியைச் சொட்டுச் சொட்டாக விடும். அளவை எடை பார்த்து மருத்துவர்தான் சொல்ல வேண்டும். இதில் பாட்டிகள் செய்யும் ஒரு காரியம் உண்டு: 'பச்சை மாவு வயிற்றுக்கு ஆகாது' என்று அடுப்பில் வைத்துக் கஞ்சியாகக் காய்ச்சிவிடுவார்கள். வெந்துவிட்டால் அது சாதாரணக் கஞ்சி, ஒன்றிரண்டு மணி நேரத்தில் வேலை முடிந்துவிடும். ஆறின பாலிலோ தயிரிலோதான் கலக்க வேண்டும். இரண்டு நிமிடம் வைத்தாலே மாவு அடியில் வெள்ளை வண்டலாகப் படிந்து கிளாஸோடு ஒட்டிக்கொள்ளும். பிள்ளை மேலே இருக்கும் பாலை மட்டும் குடித்துவிட்டு 'முடிஞ்சது' என்பாள். கரண்டியை உள்ளேயே விட்டு, கலக்கிக்கொண்டே குடிக்க வையுங்கள்.

விரல் குத்துவது பற்றி. நன்றாக இருக்கிற, வயிறு நிறையச் சாப்பிட்டுத் தூங்குகிற பிள்ளையை ராத்திரி மூன்று முறை குத்தத் தேவையில்லை என்பது என் கருத்து. மருத்துவரிடம் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். காலையில் எழுந்ததும் ஒரு தடவை, உடம்பு சரியில்லாத நாளில் அடிக்கடி, அவள் வழக்கத்துக்கு மாறாகச் சிணுங்கினாலோ வெளுத்தாலோ உடனே. குத்தும் முன் கையை சோப்புப் போட்டுக் கழுவித் துடையுங்கள். மாம்பழம் தின்ற விரலில் மீட்டர் பொய் சொல்லும், அதுவும் கூட்டிச் சொல்லும். வீட்டு மீட்டருக்குக் கொஞ்சம் முன்பின் அனுமதி உண்டு, 3.4 என்று காட்டினால் நிஜம் 2.7 ஆகவும் இருக்கலாம், 4 ஆகவும் இருக்கலாம். மீட்டரில் செருகும் பட்டை டப்பாவை மோட்டார் பெட்டியில் வைத்து வெயிலில் விடாதீர்கள். இன்னொன்று, தமிழ்நாட்டுக் காணொளிகளில் 70-க்குக் கீழே போகக்கூடாது என்பார்கள். அது வேறு அளவை (மில்லிகிராம்/டெசிலிட்டர்). அங்கே 70 என்றால் நம் மீட்டரில் 3.9. இது தெரியாமல், மீட்டரில் சரியான அளவான 5.4 வந்ததைப் பார்த்தே அலறிய அம்மாக்கள் உண்டு.

சீனி இறங்குவதற்கு முன்பே கீட்டோன் ஏற ஆரம்பித்துவிடும். மருந்தகத்தில் சிறுநீரில் நனைத்துப் பார்க்கும் கீட்டோன் பட்டை கேட்டு வாங்கலாம். காலையில் முதல் சிறுநீரில் பட்டை நிறம் மாறினால் முந்தின ராத்திரிச் சாப்பாடு பற்றவில்லை என்று அர்த்தம். விரலும் தப்பும், உங்களுக்கும் தகவல் கிடைக்கும்.

மீட்டர் 3.9-க்குக் கீழே காட்டி, அவள் விழுங்கும் நிலையில் இருந்தால், சிறிய கிளாஸ் தண்ணீரில் இரண்டு மட்டத் தேக்கரண்டி சீனி அல்லது குளுக்கோஸ் பொடி கரைத்துக் கொடுங்கள். மைலோ முதலில் வேண்டாம்; பாலில் இருக்கும் கொழுப்பு சீனியைத் தாமதப்படுத்தும். பதினைந்து நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள், ஏறாவிட்டால் இன்னொரு கிளாஸ். ஏறியபின் மைலோ, பிஸ்கட், சோறு, எது பிடிக்குமோ அது. பாக்கெட் பானத்தை நம்புகிறவர்கள் அட்டையைப் படியுங்கள். 2019 ஜூலையில் 100 மில்லிக்கு 5 கிராமுக்கு மேல் சீனி உள்ள பானத்துக்கு லிட்டருக்கு 40 காசு வரி வந்தது. அதன்பின் பல பானங்களில் சீனியைக் குறைத்துவிட்டார்கள். மற்றவர்களுக்கு நல்லதுதான், உங்களுக்கு மட்டும், முன்பு அரைப் பாக்கெட் போதுமென்ற இடத்தில் இப்போது ஒன்று தேவைப்படலாம்.

நான் உண்மையில் பயப்படுவது காய்ச்சல், வாந்தி, வயிற்றுப்போக்கு நாட்களுக்குத்தான். சாப்பாடு நின்றுவிடும், இருப்பு வேகமாகக் கரையும். அன்றைக்குச் சோறு போகாவிட்டால் பரவாயில்லை, சீனித் தண்ணீரை ஒவ்வொரு வாயாக, பகலும் ராத்திரியும் கொடுத்துக்கொண்டே இருங்கள். அதுவும் தங்காமல் இரண்டு தடவை வாந்தியாக வந்தால் வீட்டில் உட்கார்ந்து பார்க்காதீர்கள். மீட்டர் 5 காட்டினாலும் கிளம்புங்கள். அவளுக்கு டிரிப்பில்தான் சீனி போக வேண்டும். அவசரப் பிரிவுக் கவுண்டரில், 'ஆனாக் சாயா குலா டாரா ரெண்டா, முந்தா' (என் பிள்ளைக்கு ரத்தச் சீனி குறைவு, வாந்தி) என்று முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள். வெறும் காய்ச்சல் என்று சொன்னால் வரிசையில் உட்காரச் சொல்வார்கள், அவர்களைக் குறை சொல்ல முடியாது. மருத்துவரிடம் ஓர் அவசரக் கடிதம் வாங்கி பிளாஸ்டிக் உறையில் போட்டு வைத்துக்கொண்டால் இந்த வாக்கியமே தேவைப்படாது.

நினைவு தப்பினாலோ வலிப்பு வந்தாலோ வாயில் எதையும் ஊற்றாதீர்கள், மூச்சுக்குழாயில் போய்விடும். ஒரு பக்கமாகச் சாய்த்துப் படுக்க வைத்து 999-ஐ அழையுங்கள். செம்பனைத் தோட்டத்துக்குள் போகும் மண் சாலையில் ஆம்புலன்ஸ் வழி தேடும். ஒருவர் மெயின் ரோட்டுச் சந்திப்பில் டார்ச்சோடு நிற்கட்டும். இனிப்பு நீர் உள்ள பிள்ளைகளின் வீட்டில் குளுககான் ஊசி வைத்திருப்பார்கள், அதைக் கடன் கேட்க ஓட வேண்டாம். அது கல்லீரலில் இருக்கும் இருப்பை வெளியே தள்ளும் மருந்து; உங்கள் மகளிடம் தள்ள ஒன்றும் மிச்சமிருக்காது.

வீட்டு மனிதர்கள். வாரம் முழுக்க விழிக்கும் அம்மாவுக்கு விடிகாலையில் மீட்டர் எண் சரியாகக் கண்ணில் படாது. ஞாயிறு பெரட்டு இல்லையென்றால் சனி ராத்திரி உங்கள் கணவருடையது. தூங்கும் முன் சாப்பாடு, காலை ஏழு மணி அலாரம், பசியாறல், எல்லாம் அவர் பொறுப்பு. மிட்டாய் கொடுக்கத் துடிக்கும் கைக்கு இந்த வேலை பொருத்தம். நீங்கள் வேறு அறையில் படுங்கள், கதவைச் சாத்திக்கொள்ளுங்கள்.

மகன் பொய் சொல்லவில்லை. அவனுக்கு இறங்கியிருப்பது சீனி இல்லை, அவ்வளவுதான். தூங்கும் முன் தங்கைக்கு இட்லி என்றால் அவனுக்கும் ஒரு இட்லி. சீனித் தண்ணீரை மட்டும் மருந்து அலமாரியில் மருந்து மாதிரியே வையுங்கள், சாமான் டப்பாவோடு வேண்டாம். அப்போது அது பரிசாகத் தெரியாது. ஒன்பது வயதுப் பையனுக்கு 999 அழைக்கவும், தோட்டத்தின் பெயரையும் வீட்டு எண்ணையும் மலாயில் சொல்லவும் பழக்கிவிடுங்கள். ஒத்திகை பார்க்கச் சொன்னால் பையன்கள் குஷியாகிவிடுவார்கள்.

பாலர் பள்ளிக்கு ஒரு சீட்டு போதும்: காலை பத்து மணிக்குச் சாப்பாடு தவறக்கூடாது, வெளுத்து வியர்த்தால் சீனித் தண்ணீர், விழுங்காவிட்டால் 999. தைப்பூசத்துக்கு ஈப்போ கல்லுமலைக்குப் போனால் தாராளமாகக் கூட்டிப் போங்கள். விரதம் உங்களுக்கு, அவளுக்கு இல்லை. பந்தல் சாப்பாட்டு வரிசையை நம்பாமல் பையில் வாழைப்பழமும் ரொட்டியும் இருக்கட்டும். எந்த மயக்க மருந்துச் சிகிச்சைக்கும், பல் பிடுங்குவதற்கானாலும், வெறும் வயிற்றில் வரச் சொன்னால் இந்தக் குறையை முன்கூட்டியே சொல்லி முதல் ஆளாக எடுக்கச் சொல்லுங்கள்.

அடுத்த சந்திப்பில் ஒன்று கேளுங்கள்: 2.3 இருந்த நேரத்தில் எடுத்த ரத்தத்தில் கீட்டோன், இன்சுலின், கார்ட்டிசால் பார்த்தார்களா? கீட்டோன் ஏறாமலே சீனி இறங்கினாலும், சாப்பிட்டு நாலு மணி நேரத்திலேயே இறங்கினாலும், வயிறு புடைத்துக் கல்லீரல் பெரிதாக இருந்தாலும், வளர்ச்சி நின்றாலும் இது வேறு நோயாக இருக்கலாம், மேலும் சோதிக்க வேண்டும். போகும்போது ஒரு நோட்டு கொண்டு போங்கள். அதில் தேதி, ராத்திரி கடைசிச் சாப்பாடு எத்தனை மணிக்கு, காலையில் முதல் வாய் எத்தனை மணிக்கு, எழுந்ததும் மீட்டர் எண், இவ்வளவு போதும். ஞாயிற்றுக்கிழமைகளை மட்டும் சிவப்புப் பேனாவில் எழுதுங்கள்.