பெரிய கம்பெனிக்கு சப் எடுத்து கார்ப்பெட் க்ளீனிங் செய்தால் கட்டுப்படியாகுமா? – கேள்வி பதில்

சென்னையில் 16 வருஷமாக கார்ப்பெட், சோபா க்ளீனிங் செய்கிறேன். முதல் நாலு வருஷம் ஃபெசிலிட்டி கம்பெனிகளுக்கு, அதாவது கட்டடப் பராமரிப்பு எடுத்துச் செய்பவர்களுக்கு, சப் வேலை மட்டும்தான்: அவர்கள் பிடித்த கான்ட்ராக்ட்டை நாம் வாங்கிச் செய்வது. இப்போது மொத்த வேலையில் அது கால் பங்குகூட இல்லை. கீழே சொல்லும் ரூபாய்க் கணக்கு என் நோட்டில் இருப்பது. உங்கள் ஊரில் கூலியும் வண்டி வாடகையும் வேறாக இருக்கும், அதற்கேற்ப மாற்றிப் போட்டுக்கொள்ளுங்கள்.

வேளச்சேரி: அண்ணா, ஓஎம்ஆரில் ஒரு ஐடி ஆபீஸ், 24,000 சதுர அடி கார்ப்பெட். மெயின் கான்ட்ராக்ட் எடுத்த கம்பெனி எனக்கு சதுர அடிக்கு 2 ரூபாய் தருகிறேன் என்கிறது. 48,000 ரூபாய் என்றதும் வீட்டில் எல்லாருக்கும் சந்தோஷம். எடுக்கலாமா?

சதுர அடியை மறந்துவிட்டு ஒரு ராத்திரிக்கு எவ்வளவு என்று பாருங்கள் தம்பி. நாற்காலி நகர்த்தி, வேக்கம் போட்டு, ஷாம்பூ போட்டு, தண்ணீரை உறிஞ்சி எடுக்க, நாலு ஆள் இருந்தால் ஒரு ராத்திரிக்கு 6,000 சதுர அடி முடியும். அதற்கு மேல் முடியும் என்பவர் வேக்கம் போடாமல் நேராக ஷாம்பூ போடுகிறார் என்று அர்த்தம். ஆக உங்களுக்கு நாலு ராத்திரி வேலை.

ஒரு ராத்திரிச் செலவு: ஆள் கூலி நைட் பேட்டாவோடு 4,000, குட்டி யானை போக வர 2,000, கெமிக்கல் 800, சாப்பாடு டீ 500, மிஷின் தேய்மானம் 1,200. மொத்தம் 8,500. தேய்மானத்தை யாரும் எழுதுவதில்லை. மோட்டார் போகும் நாளில்தான் ஞாபகம் வரும். நாலு ராத்திரிக்கு 34,000 போனால் கையில் 14,000.

நல்ல காசுதானே என்று தோன்றும். ஆனால் ஐடி ஆபீஸில் உங்களுக்கு எப்போது கதவு திறப்பார்கள்? வெள்ளி ராத்திரியும் சனி ராத்திரியும். வீட்டுக்காரர்கள் எப்போது கூப்பிடுவார்கள்? சனியும் ஞாயிறும். ராத்திரி முழுக்க மிஷின் பிடித்த பையனைக் காலை 9 மணிக்கு அண்ணா நகருக்கு அனுப்ப முடியாது. எனக்கு வார இறுதியில் ஒரு நாளைக்கு மூன்று வீடு, சராசரி 2,200 வீதம் 6,600 வரும். இரண்டு ஆள், பெட்ரோல், கெமிக்கல், தேய்மானம், விளம்பரம் எல்லாம் சேர்த்து 3,200 போனால் மிச்சம் 3,400, அன்றைக்கே ஜிபேயில். நாலு நாள் விட்டால் 13,600 போச்சு. அந்த 14,000-க்கும் இதற்கும் வித்தியாசம் 400 ரூபாய். அந்த 400-க்காக நாலு ராத்திரி கண் விழித்து, பணத்துக்கு இரண்டரை மாசம் காத்திருப்பீர்கள்.

வீட்டு ஆர்டரே இன்னும் வரவில்லை, மிஷின் சும்மா கிடக்கிறது என்றால் கதை வேறு. அப்போது 14,000 நிஜமான 14,000. எடுங்கள், கூடவே வேலையும் பழகும்.

கோயம்புத்தூர்: சார், நானும் என் தம்பியும் சேர்ந்து செய்கிறோம். வருஷ வரவு 9 லட்சம். சப் வேலை கேட்டுப் போனால், ஜிஎஸ்டி நம்பர் இல்லாவிட்டால் வெண்டர் கோடு கிடையாது, அவர்கள் கணக்கில் நம்மைச் சேர்க்கமாட்டோம் என்கிறார்கள். ஜிஎஸ்டி பதிவு எடுத்துவிடலாமா?

சர்வீஸ் தொழிலுக்கு 20 லட்சம் வரை ஜிஎஸ்டி பதிவு கட்டாயம் இல்லை மேடம். அவர்கள் கேட்பது அவர்கள் வசதிக்கு. நீங்கள் போடும் 18 சதவீதத்தை அவர்கள் கிரெடிட் எடுத்துக்கொள்வார்கள், அதாவது தாங்கள் கட்ட வேண்டிய ஜிஎஸ்டியில் கழித்துக்கொள்வார்கள். உங்கள் வீட்டுப் பார்ட்டியால் அது முடியாது. பதிவு வந்துவிட்டால் 2,000 ரூபாய் சோபாவுக்கு 2,360 கேட்க வேண்டும், இல்லையென்றால் அந்த 360 உங்கள் கைக்காசு. 50 லட்சத்துக்குள் இருப்பவர்களுக்கு காம்போசிஷன் என்று 6 சதவீத வரித் திட்டம் இருக்கிறது. ஆனால் அதில் பில்லில் வரி வசூலிக்கக் கூடாது, கம்பெனிக்கு கிரெடிட்டும் கிடைக்காது. அதனால் அவர்கள் அதை ஏற்கமாட்டார்கள்.

பதிவு எடுத்தவர்களே கவனிக்காத ஒன்று: பில் போட்ட மாசத்துக்கான வரியை அடுத்த மாசமே கட்டியாக வேண்டும். கம்பெனி 75 நாள் கழித்துத் தந்தாலும் அரசாங்கம் காத்திருக்காது. 48,000 பில்லுக்கு 8,640 ரூபாயை உங்கள் கையில் இருந்து முன்கூட்டியே கட்டிவிட்டு உட்கார்ந்திருப்பீர்கள்.

9 லட்சத்தில் நான் எடுக்கமாட்டேன். ஜிஎஸ்டி கேட்காத சின்ன ஹோட்டல், கிளினிக், கோச்சிங் சென்டர் கோயம்புத்தூரில் நிறைய உண்டு, நேராகவே போய்ப் பாருங்கள்.

தாம்பரம்: பில்லில் 1 சதவீதம் பிடித்துவிட்டார்கள், ஏமாற்றுகிறார்களா?

இல்லை, அது டிடிஎஸ், உங்கள் பெயரில் முன்கூட்டியே பிடிக்கும் வருமான வரி. தனி நபர் கான்ட்ராக்டருக்கு ஒரே பில் 30,000-ஐத் தாண்டினாலோ, வருஷத்தில் மொத்தம் ஒரு லட்சத்தைத் தாண்டினாலோ பிடிப்பார்கள். ரிட்டர்ன் போட்டால் உங்கள் வரிக்கணக்கில் வரவாகும், அதிகம் இருந்தால் திரும்பி வரும். பான் நம்பர் கொடுக்காவிட்டால் 20 சதவீதம் போகும், ஜாக்கிரதை. பிடித்ததை உங்கள் பான் கணக்கில் கட்டினார்களா என்று வருமான வரி இணையதளத்தில் பாருங்கள். பிடித்துவிட்டுக் கட்டாதவர்களையும் பார்த்திருக்கிறேன்.

மதுரை: அண்ணே, தியேட்டர் ஒன்றுக்கு சப் எடுத்துச் செய்தேன். 90 நாள் ஆச்சு, 62,000 ரூபாய் வரலை. கேட்டா "கிளையன்ட் எங்களுக்கே தரலை"ங்கிறாங்க.

கிளையன்ட் அவர்களுக்குத் தராதது அவர்கள் கவலை. முதலில், உத்யம் பதிவு, அதாவது சிறு தொழில்களுக்கான அரசாங்கப் பதிவு, இருக்கிறதா? இல்லையென்றால் ஆதாரும் பானும் வைத்து இன்றைக்கே ஆன்லைனில் போடுங்கள், இலவசம். 2006-ஆம் ஆண்டு எம்எஸ்எம்இ சட்டப்படி, எழுத்து ஒப்பந்தம் இருந்தாலும் பணம் தர 45 நாளைத் தாண்டக் கூடாது. ஒப்பந்தமே இல்லையென்றால் 15 நாள்தான். தாண்டினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் பேங்க் ரேட்டைப் போல மூன்று மடங்கு வட்டி, அதுவும் மாசா மாசம் கூட்டு வட்டி. அரசாங்கத்தின் எம்எஸ்எம்இ போர்ட்டலில் புகார் கொடுக்கலாம். ஆனால் வேலை எடுக்கும் முன்பே பதிவு இருந்தவருக்குத்தான் இதில் பிடி உண்டு. இந்த 62,000-க்குக் கஷ்டம், அடுத்த வேலைக்கு உதவும்.

புகாரைவிட எனக்குக் கைகொடுத்தது வேறு. 2023-24 கணக்கு வருஷத்தில் இருந்து, சிறு, குறு தொழில் செய்பவருக்குக் கெடுவுக்குள் பணம் தராவிட்டால், அதை எந்த வருஷம் தருகிறார்களோ அந்த வருஷச் செலவாகத்தான் காட்ட முடியும் என்று வருமான வரியில் கொண்டு வந்துவிட்டார்கள். மார்ச்சோடு கணக்கு வருஷம் முடியும், அதனால் பிப்ரவரி கடைசியில் உத்யம் சான்றிதழை இணைத்து அக்கவுண்ட்ஸ் பிரிவுக்கு ஒரு மெயில் போடுவேன். சூப்பர்வைசருக்கு அனுப்பிப் பிரயோஜனம் இல்லை. மார்ச்சில் அவர்களே போன் செய்து பேங்க் டீடெய்ல் கேட்பார்கள்.

உங்களுக்கு ஒன்று சொல்கிறேன்: எந்தக் கம்பெனியிடமும் ஒரு மாசக் குடும்பச் செலவுக்கு மேல் பாக்கி நிற்க விடாதீர்கள். அதைத் தொட்டால் அடுத்த வேலைக்கு ஆள் அனுப்பாதீர்கள். 62,000 வரும் என்று இன்னொரு 40,000-க்கு வேலை செய்வதுதான் பெரிய குழி. நான் விழுந்திருக்கிறேன்.

அம்பத்தூர்: வேலை முடித்து சைன் வாங்கிய பிறகும் டெபிட் நோட் போட்டு பில்லில் பிடிக்கிறார்கள். எப்படித் தப்பிப்பது?

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். ஒரு ஆபீஸ், சனி ராத்திரி. 11 மணிக்கு ஏசியை நிறுத்திவிட்டார்கள், பில்டிங் விதி என்றார் செக்யூரிட்டி. நாங்கள் விடிய விடிய செய்தோம். காலை பார்த்தால் பளிச். திங்கட்கிழமை போன்: நாற்றம், காபி கறை திரும்பி வந்திருக்கிறது, நாலு கார்ப்பெட் டைல் (தரையில் ஒட்டும் சதுரத் துண்டு) மூலை தூக்கியிருக்கிறது. பில்லில் பாதி காலி.

மூன்றுக்கும் காரணம் ஒன்றே, ஈரம். அடியில் இறங்கியிருந்த காபி, காயக் காயத் தண்ணீரோடு நூல் வழியாக மேலே ஏறி நுனியில் வந்து நிற்கும். மேலே துடைத்தால் போகாது. டைல் ஒட்டும் பசையும் தண்ணீர் தேங்கினால் விட்டுவிடும். சென்னைக் காற்றில் ஏசியும் இல்லை, ஜன்னலும் திறக்காது என்றால் கார்ப்பெட் எப்படிக் காயும்? இன்னொரு ஆபத்து மேஜைக்கடியில் தரையில் இருக்கும் பிளக் பாக்ஸ். அதன் கீழே முழுக்க கேபிள் ஓடுகிறது. இப்போதெல்லாம் ஷாம்பூ போடும் முன் ஒவ்வொரு பாக்ஸையும் டேப் ஒட்டி மூடிவிடுகிறோம்.

ஒர்க் ஆர்டரில் இப்போது நான் எழுதி வாங்குவது: வேலை முடிந்து 8 மணி நேரம் ஏசி அல்லது ஃபேன் ஓட வேண்டும், புகார் 48 மணி நேரத்துக்குள், முதலில் நாங்கள் வந்து சரிசெய்ய வாய்ப்பு, பிறகுதான் பிடித்தம். ஏசி தரமாட்டோம் என்றால் தண்ணீர் அதிகம் பிடிக்காத பானெட் முறையில் மட்டும் செய்வேன், கறைக்கு உத்தரவாதம் இல்லை என்று எழுதிவிடுவேன். தொடங்கும் முன் கறை, கிழிசல், தூக்கிய மூலை எல்லாவற்றையும் போட்டோ எடுத்து வாட்ஸாப் குரூப்பில் போட்டுவிட்டுத்தான் மிஷினுக்கு வயர் சொருகுவோம்.

போரூர்: மெயின் கம்பெனி 5 ரூபாய் வாங்கி எனக்கு 2 தருகிறது. கிளையன்டிடம் நேராகப் போய் 3.50 சொன்னால் என்ன?

ஆசை நியாயம்தான். ஒப்பந்தம் ஓடும்போது போகாதீர்கள். பாக்கியை நிறுத்திவிடுவார்கள், சட்டமும் உங்கள் பக்கம் நிற்காது. முடிந்த பிறகு வேறு. தொழில் செய்யக் கூடாது என்று தடுக்கும் ஒப்பந்தம் செல்லாது என்று 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டம் 27-வது பிரிவு சொல்கிறது. இருந்தாலும் கையெழுத்துப் போட்டதை வக்கீலிடம் ஒருமுறை காட்டுங்கள். அந்த 3 ரூபாய் முழுக்க லாபமும் இல்லை. டெண்டர், இன்ஷூரன்ஸ், ஈஎஸ்ஐ, பிஎஃப் பேப்பர், 90 நாள் காத்திருப்பு எல்லாம் அதற்குள் இருக்கிறது. நேராகப் போனால் அந்தக் காத்திருப்பு உங்கள் தலையில்.

புதுச்சேரி: அப்படியானால் எந்த சப் வேலைதான் லாபம்?

வார நாளில் வருவது. ஹோட்டல் பாங்க்வெட் ஹால், கல்யாண மண்டபத்து மேடை கார்ப்பெட். முகூர்த்தம் இல்லாத நாளில்தான் கூப்பிடுவார்கள். ஆடியிலும் மார்கழியிலும் ஹால் காலி, ஒழுங்காகக் காயவும் நேரம் கிடைக்கும். காலண்டரைப் பார்த்து நானே ஒரு மாசம் முன்னால் போன் செய்துவிடுவேன். தீபாவளிக்கு முந்தின மூன்று வாரம் மட்டும் எந்த சப்பும் எடுப்பதில்லை, அது வீடுகளின் சீசன்.

செங்கல்பட்டு: சப் வேலையை நம்பி லோனில் இரண்டாவது மிஷின் வாங்கலாமா?

வேண்டாம். வாடகைக்கு எடுங்கள்.

வேளச்சேரி (மறுபடியும்): அண்ணா, நீங்கள் சொன்ன கணக்கை வைத்துப் பேசிப் பார்த்தேன். 2.40 வரை வருகிறார்கள். அங்கே திங்களும் வெள்ளியும் எல்லாரும் வீட்டிலிருந்து வேலையாம். ஞாயிறு ராத்திரியும் வியாழன் ராத்திரியும் செய்துகொள் என்கிறார்கள்.

57,600-இல் 34,000 போனால் 23,600. சனி, ஞாயிறு வீட்டு வேலையும் பெரிதாகக் கெடாது. ஞாயிறு மட்டும் மத்தியானத்தோடு நிறுத்திப் பையன்களைத் தூங்க விடுங்கள். ஈரம் காய மறுநாள் முழுக்க இருக்கிறது, ஏசி ஓடுமா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். 24,000 சதுர அடிக்கும் சேர்த்து ஒரே பில்லாகப் போடாமல், ஒரு மாடி முடிந்ததும் ஒரு பில் என்று கேளுங்கள். முதல் பில் 45 நாளில் வராவிட்டால் அடுத்த ஆர்டரைப் பற்றிப் பேசவேண்டாம். எடுங்கள் தம்பி.