30 டன் சிலிண்டர் தேவையா?

கேள்வி: பழைய பெட்ரோல் இன்ஜின் ஒன்று கையில் இருப்பதால், விறகு பிளக்கும் இயந்திரத்தை நானே செய்துகொள்ள நினைக்கிறேன். விற்பவர், எண்ணெய் அழுத்தத்தால் பிஸ்டனைத் தள்ளும் ஹைட்ராலிக் சிலிண்டரில் 30 டன் அளவையே வாங்கச் சொல்கிறார். அவ்வளவு வேண்டுமா? விறகை எடைபோட்டு வாங்குவது நல்லதா, அடுக்கி அளந்து வாங்குவதா?

பதில்: சிலிண்டரின் குறுக்குப் பரப்பை எண்ணெயின் அழுத்தத்தால் பெருக்கினால் வருவதுதான் இந்த டன் கணக்கு. 100 மி.மீ. உள்விட்டமுள்ள சிலிண்டரில் 170 பார் அழுத்தம் இருந்தால் ஏறக்குறைய 13.5 டன் விசை கிடைக்கும். நார் நேராக ஓடும், கணு அதிகமில்லாத கட்டைகளுக்கு அது தாராளம். அதே அழுத்தத்தில் 30 டன் வேண்டுமென்றால் உள்விட்டம் 150 மி.மீ. அளவுக்குப் போகும், அதை நிரப்ப 2.25 மடங்கு எண்ணெய் தேவைப்படுவதால், அதே பம்பைக் கொண்டு இயக்கும்போது பிஸ்டன் பாதி வேகத்துக்கும் கீழே ஊர்ந்து, ஒவ்வொரு கட்டைக்கும் உங்களைக் காக்கவைக்கும்.

மிச்சமாகும் பணத்தை இரண்டு நிலை பம்புக்குச் செலவிடுங்கள். கட்டையைத் தொடும்வரை அது அதிக எண்ணெயைத் தள்ளிப் பிஸ்டனை விரைவாக நகர்த்தும். தடை வந்ததும் எண்ணெயைக் குறைத்து அழுத்தத்தைக் கூட்டும், ஆகவே சிறிய இன்ஜினே போதும். பழைய சிலிண்டர் வாங்குவதானால் பிஸ்டன் தண்டை முழுவதும் வெளியே இழுத்து, அதன் குரோம் பூச்சின்மேல் நகத்தை ஓட்டிப் பாருங்கள். நகம் எங்கேயாவது மாட்டினால் அந்தக் கீறல், எண்ணெய் கசியாமல் தடுக்கும் சீல் வளையத்தை அறுத்துவிடும் என்பதால் வாங்க வேண்டாம். அழுத்தத் தணிப்பு வால்வு கட்டாயம் இருக்க வேண்டும். பிளக்கும் திசையில் நெம்புகோலைக் கைவிட்ட கணமே பிஸ்டன் நிற்க வேண்டும். கைவிட்ட பிறகும் தானே நகர்வது திரும்பும் திசையில் மட்டுமே இருக்கலாம். ஹோஸில் கசிவு இருக்கிறதா என்று ஒருபோதும் விரலால் தடவிப் பார்க்காதீர்கள். ஊசித்துளையில் பீறிடும் எண்ணெய் தோலைத் துளைத்து உள்ளே இறங்கிவிடும், அட்டைத் துண்டைப் பிடித்துப் பாருங்கள்.

இனி விறகு. எந்த மரமானாலும், நன்றாக உலர்ந்த ஒரு கிலோ ஏறத்தாழ ஒரே அளவு வெப்பத்தைத்தான் தரும். ஆகவே எடைபோட்டு வாங்கும்போது மரத்தின் பெயரைவிட ஈரமே முக்கியம்: பாதி எடை தண்ணீராக உள்ள 100 கிலோ பச்சை விறகில் 50 கிலோதான் மரம், ஈரம் 20 சதவீதமாக உள்ள விறகிலோ 80 கிலோ மரம். போதாததற்கு, அந்தத் தண்ணீரை ஆவியாக்கவும் உங்கள் அடுப்பின் வெப்பமே செலவாகும், புகை வேறு. அடுக்கி அளந்து வாங்கினால் நிலைமை மாறும். அப்போது கனமான, வைரம் பாய்ந்த மரமே லாபம், இடைவெளி விட்டு அடுக்கியிருக்கிறார்களா என்பதையும் கவனியுங்கள்.

நுனியில் வெடிப்பு விட்டிருப்பதும், இரண்டு கட்டைகளை மோதினால் கணீரென்று ஒலிப்பதும் உலர்ந்ததற்கு அடையாளங்கள்தான். ஆனால் வெளிப்புறம் காய்ந்த கட்டையின் நடுவே ஈரம் தங்கியிருக்கும். ஈரமானியைப் புதிதாகப் பிளந்த முகத்தின் நடுவில் குத்திப் பார்த்து, 20 சதவீதத்துக்குக் கீழே காட்டினால் வாங்குங்கள். ஒரே ஒரு கட்டையைப் பிளந்துகாட்ட விற்பவர் தயங்கினால், பச்சை விறகுக்கான விலையையே பேசுங்கள்.