தராசு யார் பக்கம் பார்க்கிறது?

வணக்கம் ஐயா,
ஊட்டியில் ஒரு ஓட்டலில் 9 வருடமாக வேலை. சம்பளம் தேதிக்கு வந்துவிடும். இந்த சீசனில் மேனேஜருக்கு வேண்டிய ஆட்களுக்கு மட்டும் ஞாயிறு லீவு கிடைத்தது. ஏன் என்று கேட்டேன், "இஷ்டமிருந்தா இரு" என்றார். அன்றிலிருந்து உடம்புதான் வேலைக்குப் போகிறது. வீட்டுக் கடன் இருப்பதால் விடவும் முடியவில்லை. ஒரு லீவுக்காக இப்படி ஆகிவிட்டேனே, தவறு என் மேலா?
(பெயர் வேண்டாம்)

அன்புள்ள நண்பருக்கு,

தவறெல்லாம் இல்லை. ஆனால் லீவுக்காகத்தான் மனசு விட்டுப்போனது என்று நினைக்கிறீர்களே, அதை நான் நம்பவில்லை.

என் அம்மா கோத்தகிரிப் பக்கம் ஒரு எஸ்டேட்டில் கொழுந்து பறித்தவர். மழை நாளில் ஈரத்துக்கென்று எடையில் இரண்டு கிலோ கழிப்பார்கள். ஒரு சூப்பர்வைசர் தராசைப் பெண்கள் பக்கம் திருப்பி வைத்து, ஒரு பிடி கொழுந்தை எடுத்துப் பிழிந்து காட்டிவிட்டுத்தான் கழிப்பார், யாரும் முணுமுணுத்ததில்லை. அவருக்குப் பிறகு வந்தவர் முள்ளை மறைத்து நின்றுகொண்டு நோட்டில் எழுதிக்கொள்வார். கழித்தது அதே இரண்டு கிலோவாகக்கூட இருந்திருக்கலாம், யார் கண்டது? அந்த வருடம்தான் அம்மா முற்றின இலையையும் சேர்த்துத் திணிக்க ஆரம்பித்தார். (இதை எழுதுவேன் என்று அவரிடம் சொல்லவில்லை.)

ஜெரால்ட் கிரீன்பெர்க் என்ற உளவியல் ஆய்வாளர் 1990-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. அமெரிக்காவில் ஒரே கம்பெனியின் இரண்டு ஆலைகளில் 10 வாரத்துக்கு 15 சதவீதம் சம்பளத்தைக் குறைத்தார்கள். ஒன்றில் தலைவரே வந்து கணக்கை விரித்துக் காட்டி, வருத்தம் சொல்லி, கேள்விக்கெல்லாம் பதில் சொன்னார். இன்னொன்றில் கால் மணி நேரத்தில் பேச்சை முடித்துக்கொண்டார்கள். வெட்டு ஒன்றுதான், ஆனால் இரண்டாவது ஆலையில்தான் பொருள் திருட்டு ரொம்பவே கூடியது.

அப்புறம் அந்தக் கடன். ஒருவர் வேலையில் ஒட்டியிருப்பதை மேயர், ஆலன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1991-இல் மூன்றாகப் பிரித்தார்கள்: பிடித்துப்போய் இருப்பது, போனால் நஷ்டம் என்று இருப்பது, போகக்கூடாது என்ற கடமை உணர்வில் இருப்பது. நீங்கள் முதலாவதிலிருந்து இரண்டாவதுக்கு வந்துவிட்டீர்கள். உங்கள் மேனேஜருக்கு இது தெரியாது, வருகைப் பதிவேட்டில் இரண்டும் ஒரே மாதிரிதானே இருக்கும்.

சரி, செப்டம்பரில் இரண்டாவது சீசன் வருகிறது. பட்டியல் ஒட்டுவதற்கு முன்பே நாலு பேராகப் போய், யாருக்கு எந்த ஞாயிறு என்பதை எப்படி முடிவு செய்கிறீர்கள் என்று மட்டும் கேளுங்கள். அதற்கும் "இஷ்டமிருந்தா இரு" என்றால் எனக்கு எழுதுங்கள், குன்னூரில் ஓட்டல் நடத்துபவர்கள் இரண்டு பேரைத் தெரியும்.