சுற்றுலா நடத்தும் தொண்டு நிறுவனம்: நன்கொடை கொடுக்குமுன் எந்தக் கணக்கைப் பார்ப்பது?

கேள்வி: நானும் கணவரும் ஓய்வு பெற்று நியூ ஜெர்சியில் மகள் வீட்டுப் பக்கத்தில் இருக்கிறோம். ரோட் ஸ்காலர் நடத்தும் கல்விப் பயணம் ஒன்றுக்குப் போய்வந்தோம், நன்றாகவே இருந்தது. இப்போது நன்கொடை கேட்டுக் கடிதம் வருகிறது. உயிலில் ஒரு பங்கு எழுதலாமா என்றும் யோசிக்கிறோம். ஆனால் ஆயிரக்கணக்கில் கட்டணம் வாங்குகிறவர்கள் எப்படித் தொண்டு நிறுவனம் ஆவார்கள்? அவர்களுடைய வரவு செலவை நாம் பார்க்க முடியுமா?

பதில்: தாராளமாகப் பார்க்கலாம். ஒரு மாலைப் பொழுது போதும்.

முதலில் கட்டணச் சந்தேகம். அமெரிக்க வரிச் சட்டத்தின் 501(சி)(3) பிரிவில் கல்வியும் ஒரு தொண்டு நோக்கம்தான். கட்டணம் வாங்கத் தடையில்லை. பல்கலைக்கழகமும் மருத்துவமனையும் வாங்கவில்லையா? கிடைக்கும் உபரியை உள்ளே இருப்பவர்கள் பங்கு போட்டுக்கொள்ளக் கூடாது, அவ்வளவுதான். ரோட் ஸ்காலர் தொடங்கியதும் கல்லூரிகளில்தான். 1975-ல் நியூ ஹாம்ப்ஷயரில் மார்ட்டி நோல்டன், டேவிட் பியான்கோ என்ற இருவர், கோடை விடுமுறையில் காலியாகக் கிடந்த கல்லூரி விடுதிகளில் வயதானவர்களைத் தங்கவைத்துப் பாடம் நடத்த ஆரம்பித்தார்கள். சும்மா ஊர் சுற்றிக் காட்டிவிட்டு ‘கல்வி’ என்று பெயர் வைத்தால் அமெரிக்க வரித் துறையான ஐ.ஆர்.எஸ். விடாது. நோக்கத்தோடு ஒட்டாத சுற்றுலா வருமானத்துக்கு வரி விதிக்கலாம் என்று 2000-ல் வந்த விதிகள் சொல்கின்றன. விரிவுரை, வாசிப்பு, துறை அறிந்தவர் கூட வருவது எல்லாம் எவ்வளவு இருந்தது என்பதைப் பயணம் போய்வந்த நீங்களே சொல்லிவிடலாம்.

அடுத்து ஆவணம். இவர்கள் ஆண்டுதோறும் ஐ.ஆர்.எஸ்.-க்குக் கொடுக்கும் படிவம் 990 பொது ஆவணம். கேட்டால் கடைசி மூன்று ஆண்டுப் படிவங்களைக் காட்டவேண்டியது அவர்கள் கடமை. கேட்காமலேயே ஐ.ஆர்.எஸ். தளத்திலும், ப்ரோபப்ளிகா என்ற செய்தி நிறுவனத்தின் நான்ப்ராஃபிட் எக்ஸ்ப்ளோரர் தளத்திலும் இலவசமாகக் கிடைக்கும். தேடும்போது ஒன்றைக் கவனியுங்கள்: ரோட் ஸ்காலர் என்பது பிற்காலத்தில் வைத்த பெயர். படிவத்தில் பழைய பெயரான எல்டர்ஹாஸ்டல் இருக்கும். கையில் கிடைப்பது ஓராண்டுக்கு மேல் பழைய கணக்காக இருந்தால் பதற வேண்டாம். நிதியாண்டு முடிந்து நாலரை மாதம் அவகாசம், அதற்கு மேல் ஆறு மாத நீட்டிப்பும் உண்டு.

இனிதான் முக்கியமான இடம். மொத்தச் செலவில் எத்தனை சதவீதம் திட்டங்களுக்குப் போகிறது என்று பார்க்கச் சொல்வார்கள். 65 சதவீதமாவது போகவேண்டும் என்பது தொண்டு நிறுவனங்களை மதிப்பிடும் பிபிபி வைஸ் கிவிங் அலையன்ஸ் என்ற அமைப்பின் அளவுகோல். பயணம் நடத்தும் நிறுவனத்துக்கு அந்த எண்ணை வைத்து நான் ஒரு முடிவுக்கும் வரமாட்டேன். ஓட்டல், பஸ், வழிகாட்டி, சாப்பாடு எல்லாமே ‘திட்டச் செலவு’. உங்கள் கட்டணத்தில்தான் உங்கள் ஓட்டல் வாடகை போகிறது. அதனால் சதவீதம் தானாகவே உயரமாக நிற்கும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம் (இது கற்பனை எண், ரோட் ஸ்காலருடையது அல்ல). ஒரு நிறுவனத்துக்குக் கட்டண வரவு 5 கோடி டாலர், நன்கொடை 20 லட்சம். செலவு 5 கோடி: அதில் பயணங்களுக்கு 4.5 கோடி, நிர்வாகத்துக்கு 40 லட்சம், நன்கொடை திரட்ட 10 லட்சம். திட்டச் செலவு 90 சதவீதம், பிரமாதம்! ஆனால் நீங்கள் கொடுப்பது கட்டணம் அல்ல, நன்கொடை. அந்த 20 லட்சத்தைத் திரட்டவே 10 லட்சம் போயிருக்கிறது. அதாவது பாதி. திரட்டும் செலவு நன்கொடையில் 35 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பதும் அதே வைஸ் கிவிங் அலையன்ஸின் அளவுகோல்தான். இதைப் படிவத்தில் கண்டுபிடிப்பது எளிது. 8-ம் பாகத்தில் முதல் வரிசை நன்கொடை, இரண்டாம் வரிசை கட்டண வரவு. 9-ம் பாகத்தில் கடைசிப் பத்தி நன்கொடை திரட்டும் செலவு. கால்குலேட்டர் இருந்தால் போதும்.

அப்புறம் அந்த நன்கொடை எங்கே போகிறது? வசதியில்லாதவர்களும் பயணம் போகட்டும் என்று உதவித்தொகைக்குக் கேட்கிறார்கள் என்றால், அதன் தடம் 9-ம் பாகத்தில் தனிநபர் உதவி வரிசையிலும், ஐ (Schedule I) என்ற இணைப்புப் பட்டியலிலும் தெரிய வேண்டும். கட்டணத்தில் தள்ளுபடியாகக் கொடுத்தால் அங்கே தெரியாமலும் போகலாம். அதனால் கேட்டுவிடுங்கள்: போன ஆண்டு எத்தனை பேருக்கு, மொத்தம் எவ்வளவு, அதில் நன்கொடையிலிருந்து வந்தது எவ்வளவு? இதற்கு ஒரு பக்கத்தில் பதில் தர முடியாத நிறுவனத்துக்கு நான் கொடுக்கமாட்டேன்.

பயணியாகவும் நீங்கள் பார்க்கவேண்டியது 10-ம் பாகத்தின் 19-வது வரிசை. பயணத்துக்குப் பல மாதம் முன்பே எல்லாரும் பணம் கட்டிவிடுகிறார்கள் இல்லையா, இன்னும் நடக்காத பயணங்களுக்கு வாங்கிய அந்த முன்பணம் அங்கே கடனாக நிற்கும். அதை ரொக்கத்தோடும் முதலீடுகளோடும் ஒப்பிடுங்கள். கையிருப்பு முன்பணத்தைவிடக் குறைவு என்றால், அடுத்தவர் கட்டிய பணத்தில் இன்றைய செலவு ஓடுகிறது, தள்ளாடும் சீட்டுக் கம்பெனி மாதிரி. நன்கொடையாளர் இன்னதற்கு என்று கட்டிக் கொடுத்த தொகை (28-வது வரிசை) ஆபத்துக்கு உதவாது, அதைக் கழித்துவிட்டே பாருங்கள். 2020, 2021 எண்கள் எந்தப் பயண நிறுவனத்துக்கும் தலைகீழாகத்தான் இருக்கும். அவற்றை விட்டுவிடாதீர்கள். பயணமே நின்ற காலத்தில் முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு எப்படித் தாக்குப்பிடித்தார்கள் என்பது அங்கேதான் தெரியும்.

தலைவரின் சம்பளம் 7-ம் பாகத்தில். முதல் பார்வையில் கண் விரியும். அதே அளவு வரவு செலவுள்ள இன்னொரு நிறுவனத்தின் படிவத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தபிறகு கோபப்படலாம். சம்பளத்தைவிட நான் கவனிப்பது எல் (Schedule L) என்ற இணைப்பு. இயக்குநர் ஒருவருடைய குடும்ப நிறுவனத்துக்கே பஸ் ஒப்பந்தமோ ஏஜென்சி வேலையோ போயிருந்தால் அங்கே தெரியவரும். 6-ம் பாகத்தில் இயக்குநர் குழுவில் சுயேச்சையானவர்கள் எத்தனை பேர் என்பதும் இருக்கும்.

தொண்டு நிறுவனங்களைத் தரம் பிரிக்கும் சாரிட்டி நேவிகேட்டர் தளத்தின் நட்சத்திரங்களை முதல் சல்லடையாக வைத்துக்கொள்ளலாம், அதற்கு மேல் வேண்டாம்.

உங்கள் பேரப்பிள்ளைகளுக்காகவும் ஒரு வார்த்தை. ‘உங்கள் பிள்ளை தேர்வாகியிருக்கிறார்’ என்று பயண அழைப்பு வந்தால், பணம் யார் கணக்குக்குப் போகிறது என்று முதலில் பாருங்கள். 1956-ல் அதிபர் ஐசன்ஹோவர் தொடங்கிய பீப்பிள் டு பீப்பிள் என்ற மக்கள் நட்புறவு அமைப்பின் பெயரில் மாணவர் பயணங்களை நடத்தியது பங்குச் சந்தையில் இருந்த அம்பாசடர்ஸ் குரூப் என்ற லாப நிறுவனம். 2015-ல் அது கடையைக் கட்டியது.

வரி விஷயம் சுருக்கமாக: பயணக் கட்டணத்துக்கு வரிக்கழிவு கிடையாது, தனியாகக் கொடுத்த நன்கொடைக்கு மட்டும்தான். 250 டாலரும் அதற்கு மேலும் என்றால் ஒப்புகைக் கடிதம் கையில் இருக்கவேண்டும். செலவுகளைத் தனித்தனியே காட்டாமல் நிலையான கழிவான ஸ்டாண்டர்ட் டிடக்‌ஷன் எடுப்பவர்களுக்கும் 2026-லிருந்து, தம்பதியாகத் தாக்கல் செய்தால் 2,000 டாலர் வரை ரொக்க நன்கொடைக்குக் கழிவு உண்டு.

உயிலைப் பொறுத்தவரை அவசரப்படாதீர்கள். இரண்டு மூன்று ஆண்டு சிறு தொகை கொடுத்து, கணக்கைப் பார்த்துவிட்டு எழுதலாம். எழுதும்போது விளம்பரப் பெயரை மட்டும் போடாமல், படிவத்தில் உள்ள சட்டப் பெயரையும் ஈ.ஐ.என். என்ற ஒன்பது இலக்க வரி அடையாள எண்ணையும் வக்கீலிடம் கொடுங்கள். உதவித்தொகைக்கு மட்டும்தான் என்றால் அதையும் உயிலிலேயே எழுதச் சொல்லுங்கள்.